தமிழ்நாட்டின் வளர்ச்சித் திட்டமும் சட்டமன்றக் கண்காணிப்பும்: ஷோரூம் பிரமாதம், சர்வீஸ் சுமார்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டம் போட்டு அதை எடுத்துச் சொல்லும் விதத்துக்கு ஐந்துக்கு நாலு. அந்தத் திட்டத்தைச் சட்டமன்றம் உட்கார்ந்து படித்து, கேள்வி கேட்டு, போன வருஷம் சொன்னது என்னாச்சு என்று விரட்டிப் பிடிக்கும் விதத்துக்கு ஐந்துக்கு இரண்டு. கூட்டி வகுத்து மூன்று என்று போடலாம்தான், ஆனால் சராசரி போட்டால் எங்கே இடிக்கிறது என்பது மறைந்துவிடும், அதனால் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. நான் சொல்லப்போகும் குறை 2012-லும் இருந்தது, 2023-லும் இருந்தது. நாற்காலியில் ஆள் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை, ரிவ்யூ அந்த ஏற்பாட்டுக்குத்தான்.

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை. முதலீட்டு மானியம், தொழிற்பேட்டையில் மனை, வட்டிச் சலுகை என்று ஏதாவது ஒன்றுக்காக ஒவ்வொரு மார்ச், ஏப்ரலிலும் பட்ஜெட் காகிதங்களைத் தோண்ட வேண்டியிருக்கும். தோண்டித் தோண்டிப் பழகியதில் எழுதுவது இது.

என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். நிதி அமைச்சரின் உரை, அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு கேட்கும் ஆண்டு நிதிநிலை அறிக்கை, துறைவாரியான மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் கேட்கும் பணம்), 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புடைமைச் சட்டப்படி வைக்கவேண்டிய நடுத்தர கால நிதித் திட்டம், 2021-லிருந்து தனியாக ஒரு வேளாண் பட்ஜெட். இதெல்லாம் போக, ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போதும் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு. எல்லாமே இலவசமாக பிடிஎஃப்பில் கிடைக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும். இந்த அளவுக்கு ஆவணங்களைப் பொதுவெளியில் போடும் மாநிலங்கள் இந்தியாவில் நிறைய இல்லை என்பதே என் எண்ணம், அதனால்தான் அந்த நாலு மார்க்.

இதில் நான் அதிகம் புரட்டுவது கொள்கை விளக்கக் குறிப்பு. தொழில் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 27, சிறு குறு நடுத்தரத் தொழில்களுக்கு எண் 44. நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ எப்போது தொடங்கியது (1965), தொழிற்பூங்காக்களை அமைக்கும் சிப்காட் எப்போது (1971), எந்தப் பூங்காவில் எவ்வளவு ஏக்கர், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று நல்ல விவரமாகவே இருக்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் யாராவது வந்து மானியம் பற்றிக் கேட்டால் ஏஜென்டிடம் போகாதீர்கள், முதலில் எண் 44-ஐப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஏஜென்ட் சொல்வதில் பாதி அதில் இருக்கிறது, மீதிப் பாதி அவரே சேர்த்துக்கொள்வது.

ஆனால் இந்தக் குறிப்பை எழுதுவது யார் என்பதை மறக்கக்கூடாது. துறையே எழுதுகிறது, துறை அமைச்சர் பெயரில் வருகிறது. தன் பரிட்சைத் தாளைத் தானே திருத்தி எடுத்துவந்து நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நடந்தவை பக்கம் பக்கமாக வரும், நடக்காதவை ‘பரிசீலனையில் உள்ளது’, ‘பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன’ என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். அதைத் துறை செய்வதில் தப்பில்லை, எல்லாத் துறையும் அப்படித்தான் செய்யும். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழிக்கவேண்டியவர்கள் 234 பேர். அவர்களுக்கு அதற்கான நேரமும் வசதியும் கொடுத்திருக்கிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பு உறுப்பினர் கைக்கு வருவதும் விவாதம் நடப்பதும் ஏறக்குறைய ஒட்டி ஒட்டியே நடக்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் கோரிக்கைகள். தொழில் துறைக் குறிப்பை ஒழுங்காகப் படித்து முடிக்கவே ஒரு முழு ராத்திரி வேண்டும், போன ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ராத்திரி. விவாதத்தில் ஒரு உறுப்பினருக்குக் கிடைப்பதோ சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தில் தலைவரைப் பாராட்டி, தொகுதிக்குப் பாலம் கேட்டு, கல்லூரி கேட்டு, பேருந்து நிலையம் கேட்டு உட்கார்ந்துவிடுவார். தொகுதிக்காரர்களும் அதைத்தானே எதிர்பார்க்கிறோம்? ‘எங்கள் எம்எல்ஏ மூலதனச் செலவினம் பற்றிப் பேசினார்’ என்று எந்த ஊரிலும் போஸ்டர் ஒட்டிப் பார்த்ததில்லை. பிறகு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், புதிய அறிவிப்புகளை வரிசையாகப் படிப்பார், ஒவ்வொன்றுக்கும் மேசை தட்டும் சத்தம், கடைசியில் குரல் வாக்கெடுப்பு.

வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. மானியத்தில் நூறு ரூபாய் குறைக்கவேண்டும் என்று தீர்மானம் கொடுப்பார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், பல ஆயிரம் கோடியில் நூறு ரூபாயா என்று. அது ஒரு குறையை அவைக் குறிப்பில் ஏற்றுவதற்கான வழி, அவ்வளவுதான். நிஜமாகவே ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்தால் ஆட்சியின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும், அதனால் ஆளும்கட்சி உறுப்பினர் யாரும் அதற்குக் கை தூக்கமாட்டார். தூக்கினால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவியையே பறித்துவிடும். ஆக, பெரும்பான்மை இருக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் குறையாது. இது தமிழ்நாட்டின் தனிக் குறை இல்லை, நாடு முழுக்க இதேதான், ஆனால் ஓட்டு போட்டு மாற்ற முடியாது என்று ஆனபிறகு கேள்வி கேட்டு மாற்றுவதற்காவது நல்ல ஏற்பாடு வேண்டும் இல்லையா?

அந்த ஏற்பாடு மற்ற இடங்களில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 1993-லிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் உண்டு, 17-ஆக ஆரம்பித்து 2004-இல் 24 ஆனது. பட்ஜெட் வைத்தபிறகு அவை சில வாரம் ஒத்திவைக்கப்பட்டு, குழுக்கள் அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மானியக் கோரிக்கைகளை அலசும், அறிக்கை கொடுக்கும், அப்புறம்தான் விவாதம். பக்கத்தில் கேரளத்தில் அதற்கும் முன்னாலேயே, 1980-இல், பொருள்வாரிக் குழுக்கள் வந்துவிட்டன. நம் பேரவையில் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் துறைவாரியாக உட்கார்ந்து அலசும் இப்படிப்பட்ட குழு முறை இல்லை. சும்மா பெருமைக்கு ஒப்பிடவில்லை. நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை அரசு ஏற்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பல பரிந்துரைகள் அப்படியே கிடப்பில் போகின்றன. இருந்தாலும் ஒரு லாபம் உண்டு. மூடிய அறைக்குள் கேமரா இல்லாதபோது ஆளும்கட்சிக்காரரும் கேள்வி கேட்பார், ஒதுக்கிய பணத்தில் ஏன் இவ்வளவு செலவாகவில்லை என்று ஒரு செயலாளர் பதில் எழுதிக் கொடுக்கவேண்டி வரும், அந்தப் பதில் அச்சில் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த அச்சு போதும்.

பேரவை விதிகளில் 110-ஆவது விதியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘110 விதியின் கீழ் அறிவிப்பு’ என்பது டீக்கடை வரைக்கும் தெரிந்த சொற்றொடர். பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் அமைச்சர் ஒரு அறிக்கை படிக்கலாம், அதன்மேல் அப்போது விவாதம் கிடையாது. அவசரமான விஷயத்துக்காக வந்த விதி அது என்று நினைக்கிறோம், ஆனால் ஆட்சிக்கு ஆட்சி பெரிய பெரிய முதலீட்டுத் திட்டங்களை அறிவிக்கும் மேடையாக அது மாறிவிட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 110-ஐத் திட்டுவதும் ஆளும்கட்சி ஆனதும் அதையே எடுத்துக்கொள்வதும் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு வளர்ச்சித் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து, யார் நிலம், எப்போது முடியும் என்ற மூன்று கேள்வியையும் கேட்க வாய்ப்பே இல்லாத இடத்தில் அதை அறிவிப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

சட்டம் இயற்றுவதில் இதே அவசரம் எப்படி இருக்கும் என்பதற்கு 2023 ஏப்ரல் 21-ஐப் பார்த்தால் போதும். கூட்டத்தொடரின் கடைசி நாள். முதலீடு வரவேண்டும் என்ற நோக்கத்தில் இரண்டு மசோதாக்கள் அன்று நிறைவேறின. ஒன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதை மாற்றாமல் ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை நேரத்தை நீட்ட வழி செய்வது. இன்னொன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். முதல் மசோதாவுக்குக் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. நிறைவேறியது வெள்ளிக்கிழமை, தொழிற்சங்கங்களோடு பேசிவிட்டு நிறுத்திவைப்பதாக அறிவித்தது திங்கட்கிழமை, மே தினத்தில் திரும்பப் பெறுவதாகவே அறிவிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், சட்டமன்றத்தில் கிடைக்காத விவாதம் வெளியே பத்து நாளில் கிடைத்தது. தொழிற்சங்கத்தையும் கம்பெனிக்காரர்களையும் தொழிலாளர் துறையையும் ஒரு குழு அறையில் முன்னாடியே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் அரசுக்கே இந்தச் சங்கடம் வந்திருக்காது.

இரண்டாவது மசோதாவின் கதை வேறு. அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை, ஆளுநர் ஒப்புதலும் கிடைத்து சட்டமாகிவிட்டது. திட்டப் பகுதிக்குள் வரும் நீர்நிலைகளுக்கு என்ன ஆகும் என்று விவசாயச் சங்கங்கள் பிறகுதான் போராட ஆரம்பித்தன. அரசு பக்கம், நீர்நிலைகளைக் காப்பாற்றத்தான் இது என்று பதில் வந்தது. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஏரி, கண்மாய், நிலம், தொழிற்பேட்டை என்று ஒரு மாநிலத்தின் வளர்ச்சித் திட்டத்திலேயே மிகச் சிக்கலான இடம் அது, அதை ஷரத்து ஷரத்தாகப் பேசியிருக்க வேண்டிய மன்றம் மற்ற மசோதாக்களோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிட்டது. தேர்வுக்குழுவுக்கு அனுப்ப விதிகளில் வழி இருக்கிறது, அனுப்புவதுதான் அபூர்வம்.

சரி, இலக்குகளுக்கு வருவோம். இதில்தான் ஷோரூம் பளபளக்கும். 2012 மார்ச்சில் ஜெயலலிதா ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ வெளியிட்டார். உள்கட்டமைப்பில் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ச்சி, தலா வருமானம் 10,000 டாலர். 2021 பிப்ரவரியில் பழனிசாமி அரசு புதிய தொழில் கொள்கை வெளியிட்டது, 10 லட்சம் கோடி முதலீடு, 20 லட்சம் பேருக்கு வேலை. அதே வருஷம் ஆட்சி மாறி, 2030-க்குள் ஒரு ட்ரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று ஸ்டாலின் அறிவித்தார். ஒவ்வொன்றும் வந்தபோது பெரிய நிகழ்ச்சி, பளபளப்பான புத்தகம். இந்த இலக்குகள் எதையும் சட்டமன்றம் சட்டமாகவோ தீர்மானமாகவோ போட்டு நிறைவேற்றவில்லை, அரசின் கொள்கையாக வந்தவை. அதனால் இலக்கு ஆண்டு வரும்போது அவையில் எழுந்து கணக்குச் சொல்லவேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.

10,000 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத் திட்டக் குழுவின் பொருளாதார ஆய்வறிக்கைப்படி 2022-23-இல் தமிழ்நாட்டின் தலா வருமானம் சுமார் 2.78 லட்சம் ரூபாய். தேசிய சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், நல்ல நம்பர்தான். டாலருக்கு 80 ரூபாய் என்று போட்டால் சுமார் 3,500 டாலர் வரும். இலக்கில் மூன்றில் ஒரு பங்கு. இதில் அரசைக் குறைசொல்வதற்கு முன்னால் ஒரு நியாயமும் இருக்கிறது. 2012-இல் டாலர் ஐம்பது ரூபாய் பக்கம் இருந்தது, 10,000 டாலர் என்றால் ஐந்து லட்சம் ரூபாய், 2023-இல் அதே 10,000 டாலருக்கு எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வேண்டும். ரூபாயின் மதிப்பு மாநில அரசின் கையில் இல்லை. அப்படியென்றால் எதற்கு டாலரில் இலக்கு வைக்கிறீர்கள் என்பதுதான் ஒரு உறுப்பினர் 2012-லேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. கேட்காததால் 2021-இல் மறுபடியும் டாலரிலேயே வைத்தோம். 2024-25-இல் மாநில மொத்த உற்பத்தி நடப்பு விலையில் 31 லட்சம் கோடி ரூபாய் சொச்சம். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் ஒரு ட்ரில்லியனில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். 2030-31-இல் முழு ட்ரில்லியன் தொடவேண்டுமானால் டாலர் கணக்கில் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குக் குறையாமல் ஓடவேண்டும். ஓடமுடியாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஓட்டத்தை வருஷாவருஷம் பேரவையில் ஒரு அரைநாள் வைத்து அளந்து பார்த்திருக்கலாமே என்கிறேன்.

அடுத்து முதலீட்டாளர் மாநாடுகள். 2015-இல் 2.42 லட்சம் கோடி, 2019-இல் 3 லட்சம் கோடி, 2024 ஜனவரியில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி, 26 லட்சத்துக்கு மேல் வேலை. மாநாடு முடிந்த மறுநாளே எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்கும், ஆளும்கட்சி சதவீதம் சொல்லும், அடுத்த தேர்தலுக்கு அப்புறம் இரண்டு பேரும் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கையெழுத்து மட்டும்தான், கட்டாயம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிஜமாகவே ஆலை எழும்பியவையும் இருக்கின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2024 மாநாட்டு ஒப்பந்தம்தான், 2025 ஆகஸ்டில் திறந்தே விட்டார்கள். எழும்பி நின்றது மூடிப்போனதும் உண்டு, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-இல் கதவைச் சாத்தியபோது என்ன ஆனது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் கேட்பது வெள்ளை அறிக்கை கூட இல்லை, அது ஒருமுறை வெளியிட்டு அரசியல் செய்துவிட்டு மறந்துபோகும் சமாச்சாரம். ஒரு சாதாரண அட்டவணை போதும். கம்பெனி, மாவட்டம், சொன்ன முதலீடு, இதுவரை போட்டது, கொடுத்த நிலம், கொடுத்த சலுகை, வேலைக்கு வந்தவர்கள். கொள்கை விளக்கக் குறிப்பின் கடைசியில் ஒரு இணைப்பாக ஒவ்வொரு வருஷமும் வந்தால் போதும். கம்பெனிகளுக்குக் கொடுக்கும் தனிச் சலுகைகளை வெளியே சொன்னால் பக்கத்து மாநிலம் அதைவிடக் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். பேரம் நடக்கும்போது அது நியாயமான பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆலை திறந்து உற்பத்தி ஆரம்பித்தபிறகும் ரகசியமாகவே வைத்திருக்க என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை. நாலு லட்ச ரூபாய் மானியம் வாங்கும் லேத் பட்டறைக்காரரிடம் மூணு பேர் வந்து மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பழைய கணக்கைத் தோண்டும் வேலையில் ஏற்பாடு கொஞ்சம் பரவாயில்லை. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் தரமானவை, அரசமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி பேரவையில் வைத்தே ஆகவேண்டும். ஆனால் எப்போது வைக்கவேண்டும் என்று தேதி எதுவும் இல்லாததால் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் மேசைக்கு வரும். அன்று சாயங்காலம் டிவியில் ஒரு தலைப்புச் செய்தி, மறுநாள் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி, அவையில் பேச அவையே இல்லை. பிறகு பொதுக் கணக்குக் குழு எடுத்து விசாரிக்கும்போது சம்பந்தப்பட்ட திட்டமும் முடிந்திருக்கும், அதிகாரியும் வேறு துறைக்குப் போயிருப்பார், சில சமயம் ஓய்வே பெற்றிருப்பார்.

இந்தக் குழுக்களில் நான் மதிக்கும் ஒன்றைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவையில் ‘செய்யப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’ என்று சொன்ன ஒவ்வொன்றையும் பட்டியல் எடுத்து, செய்தார்களா என்று துரத்துவதுதான் அதன் வேலை. மாவட்டங்களுக்கும் நேரில் போய்ப் பார்க்கிறார்கள். உள்ளூர்ப் பேப்பரில் கலெக்டர் பக்கத்தில் நின்று போட்டோ வரும், அதைப் பார்த்துச் சும்மா டூர் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. பாதி நிற்கும் பாலத்தின் முன்னால் நாலு உறுப்பினர்கள் நின்று பொறியாளரைக் கேள்வி கேட்பது சின்ன விஷயம் இல்லை. முதலீட்டு அறிவிப்புகள், 110 விதி அறிவிப்புகள், மாநாட்டு எண்கள் எல்லாவற்றையும் இதே குழுவின் பார்வைக்குக் கொண்டுவந்தால் புதுச் சட்டம் எதுவும் போடாமலேயே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

திட்டமிடும் பக்கத்தில் ஒரு நல்ல புது வரவு, 2025-இல் முதல்முறையாக வந்த தமிழ்நாட்டுப் பொருளாதார ஆய்வறிக்கை. மாநிலத் திட்டக் குழு தயாரித்தது. 1971-இல் கருணாநிதி காலத்தில் ஆரம்பித்த குழு, முதலமைச்சர்தான் தலைவர், இடையில் 2020-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்று பெயர் மாற்றி மறுபடியும் பழைய பெயருக்கே வந்தது. அறிக்கை நன்றாக இருக்கிறது, எந்த மாவட்டம் முன்னால், எது பின்னால் என்று மூடி மறைக்காமல் பேசுகிறது. ஆனால் வெளியான தேதியைப் பாருங்கள். மார்ச் 13. பட்ஜெட் மார்ச் 14. பட்ஜெட் உரை அச்சாகித் தயாராக இருக்கும் நேரத்தில், எதைச் செய்யவேண்டும் என்று சொல்லும் அறிக்கை வருகிறது! மத்திய அரசும் இப்படி ஓரிரு நாள் முன்னால்தான் வெளியிடுகிறது என்று சமாதானம் சொல்லலாம். ஜனவரியில் வெளியிட்டு, பேரவையில் இரண்டு நாள் விவாதம் வைத்து, அதிலிருந்து பட்ஜெட்டுக்குப் போனால்தான் அந்த உழைப்புக்கு மரியாதை.

திட்டக் குழுவைப் பற்றி இன்னொன்று. அது சட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு இல்லை, பேரவைக்குப் பதில் சொல்லும் கடமையும் கிடையாது. மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் மாதிரியான திட்டங்களை அது ஆய்வு செய்திருக்கிறது. அப்படிச் செய்யும் ஆய்வுகள் எல்லாம் ஒன்று விடாமல் அவையின் மேசைக்கு வரவேண்டும் என்று விதி இருந்தால் நன்றாக இருக்கும். சாதகமான ஆய்வு சுலபமாகப் பேப்பருக்கு வந்துவிடும், மற்றதுதான் வழியில் எங்காவது தங்கிவிடும்.

மாவட்ட அளவைப் பற்றி நீட்டவேண்டாம். அரசமைப்பின் 243-இசட்.டி (243ZD) பிரிவின்படி மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது, மாவட்ட ஊராட்சித் தலைவர் தலைவர், கலெக்டர் துணைத் தலைவர். அதை நம்பி யாரும் எந்தத் தொழிற்பேட்டையும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது அந்தத் தலைவர் நாற்காலியும் காலி.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பட்ஜெட் உரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது கேட்பதற்காக எழுதியது. பட்ஜெட் அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளைப் பாருங்கள்: போன வருஷ பட்ஜெட் மதிப்பீடு, அதையே பிறகு திருத்திப் போட்ட திருத்திய மதிப்பீடு, இந்த வருஷ பட்ஜெட் மதிப்பீடு. உதாரணத்துக்கு மூலதனச் செலவு, அதாவது ரோடு, பாலம், கட்டடம் என்று நாளைக்கு நிற்கப்போவதற்கான பணம். 2024-25-க்குச் சொன்னது 47,681 கோடி, திருத்தியபோது 46,767 கோடி. 2025-26-க்கு 57,231 கோடி. உரையில் 22 சதவீதம் உயர்வு என்று வந்தது, குறைந்துபோன திருத்திய எண்ணிலிருந்து கணக்குப் போட்டது அது. முதலில் சொன்ன எண்ணிலிருந்து போட்டால் 20. பொய் எதுவும் இல்லை, எல்லா அரசும் இப்படித்தான் போடும். இதற்கும் அடுத்த வருஷம்தான் நிஜமாகச் செலவான கணக்கு வரும், அதற்குள் எல்லோருக்கும் பழசு மறந்திருக்கும், நீங்கள் மட்டும் ஒரு எக்செல் தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி விகிதத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். 2024-25-க்கு முதலில் 9.69 சதவீதம் என்று வந்து பிறகு 11.19 ஆனது. கூடியதால் கொண்டாடினோம், குறைந்திருந்தால் இத்தனை பேர் திருத்தத்தைப் பற்றிப் பேசியிருப்போமா தெரியாது.

கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறது, பார்க்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தையும் முழுசாக அப்படியே காட்டினால் இன்னும் அரை மார்க் போடத் தயார். சில பழைய ஆண்டுகளின் தமிழ்க் குறிப்புகள் யூனிகோட் எழுத்துருவில் இல்லாததால் தேடல் பெட்டியில் ‘சிப்காட்’ என்று அடித்தால் ஒன்றும் வராது, ஆங்கிலப் பிரதியில் தேடிவிட்டு அதே பக்கத்தைத் தமிழில் திறந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நேரடியாகவே கை வைக்க ஒரு வழி இருக்கிறது. பேரவை மனுக்கள் குழு ஒரு மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் பொதுமக்களிடமிருந்து மனு கேட்டு கலெக்டர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். பட்டா, வேலை, முதியோர் உதவித்தொகை, கோர்ட்டில் இருக்கும் விஷயம் என்று தனிப்பட்டவற்றை எடுக்கமாட்டார்கள், பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்கவேண்டும். அறிவித்துவிட்டு வேலை ஆரம்பிக்காத தொழிற்பேட்டை, ரோடு போடாத சிட்கோ (அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனம்) மனை, எந்த வருஷத்து எந்த அறிவிப்பில் வந்தது என்று தேதியோடு, ஒரு விஷயத்துக்கு ஒரு மனு. அறிவிப்பு எண்ணும் தேதியும் கொள்கை விளக்கக் குறிப்பிலேயே கிடைக்கும், அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பின்னால் இணைத்துவிடுங்கள்.